எதன் மேல் சதவீதம்? வணிகவியல் மாணவர்களுக்கான அடிப்படைக் கணக்கு: முழுமையான வழிகாட்டி

நகைக்கடை வாசலில் "சேதாரத்தில் 20 சதவீதம் தள்ளுபடி" என்று பலகை தொங்குகிறது. நீங்கள் பார்ப்பது 8 கிராம் சங்கிலி. கணக்கு சுலபமாக வர கிராம் 10,000 ரூபாய், சேதாரம் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தங்கத்துக்கு 80,000, சேதாரம் 0.8 கிராமுக்கு 8,000, ஆக 88,000. அதன் மேல் ஜி.எஸ்.டி. 3 சதவீதம், 2,640. பில் தொகை 90,640 ரூபாய்.

தள்ளுபடி போனால் எவ்வளவு? 20 சதவீதம் கழிவது 8,000 ரூபாய் சேதாரத்தில்தான். அதாவது 1,600. மீதி 86,400, வரி 2,592, கட்டவேண்டியது 88,992. கையில் மிஞ்சுவது 1,648 ரூபாய். முழு பில்லில் அது 1.8 சதவீதம். பலகையில் பொய் எதுவும் இல்லை. 20 என்ற எண்ணைப் பார்த்தவர் அது எதன் மேல் என்று பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பி.காம்., பி.பி.ஏ. படிப்பவர்கள் கணக்கில் செய்யும் பிழைகளில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. பெருக்கல், வகுத்தலைக் கால்குலேட்டர் பார்த்துக்கொள்ளும். எந்த எண்ணின் மேல், எவ்வளவு காலத்துக்கு என்பதை அது கேட்காது. நாம்தான் கேட்க வேண்டும். பிளஸ் 2-வில் வணிகக் கணிதம் எடுக்காமல், கணினிப் பயன்பாடு எடுத்து வந்தவர்களும் கீழே உள்ளதைத் தொடர முடியும். பேனாவும் சாதாரண கால்குலேட்டரும் பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு எண்ணையும் நீங்களே போட்டுப் பாருங்கள். வாசித்துவிட்டுப் போனால் ஒட்டாது.

முதலில் எண்ணைச் சரியாகப் படிப்பது

நம் கணக்கில் கடைசி மூன்று இலக்கத்துக்குப் பிறகு இரண்டிரண்டாகக் காற்புள்ளி விழும்: 12,34,56,789. வெளிநாட்டு நிறுவனங்களின் அறிக்கையில் மூன்று மூன்றாக விழும்: 123,456,789. ஒரே எண்தான். 1 மில்லியன் 10 லட்சம், 10 மில்லியன் 1 கோடி, 1 பில்லியன் 100 கோடி. ஆண்டறிக்கையைத் திறந்ததும் அட்டவணையின் மேல் மூலையைப் பாருங்கள். "ரூ. லட்சத்தில்" என்றோ "ரூ. கோடியில்" என்றோ சிறிய எழுத்தில் இருக்கும். அதைத் தவறவிட்டு ஒரு நிறுவனத்தை லட்சத்திலும் இன்னொன்றைக் கோடியிலும் ஒப்பிட்டால், அதன் பிறகு போடும் எந்த விகிதமும் உதவாது.

சதவீதத்தை ஒரே பெருக்கலாக மாற்றுவது

18 சதவீதம் ஏற வேண்டுமா? 1.18-ஆல் பெருக்குங்கள். 15 சதவீதம் இறங்க வேண்டுமா? 0.85-ஆல் பெருக்குங்கள். தனியாக 18 சதவீதம் கண்டுபிடித்து, எழுதி, பிறகு கூட்டும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடலாம். இரண்டு வேலை ஒன்றாவது மட்டும் இதில் லாபம் இல்லை. ஏற்றத்தைத் திருப்ப வேண்டுமானால் அதே 1.18-ஆல் வகுத்தால் போதும். பின்னால் வரும் பாதிக் கணக்கு இதில்தான் நிற்கிறது.

சம்பளம் 20 சதவீதம் குறைந்தால் 0.80. பழையபடி வர 1 ÷ 0.80 = 1.25, 25 சதவீதம் ஏற வேண்டும். குறைந்தது பெரிய எண்ணின் மேல், ஏறுவது சிறிய எண்ணின் மேல். ஒரு வருடம் விற்பனை 50 சதவீதம் ஏறி, மறு வருடம் 50 சதவீதம் இறங்கினால் 1.5 × 0.5 = 0.75. "சரிக்குச் சரி" என்று தோன்றும். உண்மையில் கால் பங்கு போய்விட்டது.

சில பின்னங்கள் மனப்பாடமாக இருந்தால் விடையைக் கண்ணாலேயே சரிபார்க்கலாம். கால் 25 சதவீதம், அரைக்கால் 12.5, மாகாணி என்கிற வீசம் 6.25. எண்சுவடியில், அதாவது பழைய வாய்ப்பாட்டுப் புத்தகத்தில், இருபதில் ஒரு பங்குக்கு "மா" என்று பெயர்; 5 சதவீத ஜி.எஸ்.டி. என்பது கச்சிதமாக ஒரு மா. திண்ணைப் பள்ளியில் இந்தக் கீழ்வாய் இலக்கத்தை (பின்னங்களை) வாய்ப்பாடாகச் சொன்னவர்கள் இன்றைய பில்லைக் கால்குலேட்டர் இல்லாமலே போட்டிருப்பார்கள்.

சதவீதமும் சதவீதப் புள்ளியும் வேறு. வட்டி 8-இலிருந்து 10 ஆனால் 2 சதவீதப் புள்ளி ஏறியது. வட்டிச் சுமை 25 சதவீதம் ஏறியது. ரிசர்வ் வங்கி ரெப்போ வீதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் தரும் வட்டி வீதத்தை, "25 அடிப்படைப் புள்ளி" மாற்றியது என்று செய்தி வந்தால் அது 0.25 சதவீதப் புள்ளி.

ஜி.எஸ்.டி.: உள்ளே இருக்கும் வரியைப் பிரிப்பது

2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கான ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமானது. "அப்படியானால் விலை 10 சதவீதம் குறையும்" என்று பலர் கணக்குப் போட்டார்கள். வரிக்கு முந்தைய விலை 30,000 என்றால் பழைய விலை 38,400, புதிய விலை 35,400. குறைந்தது 3,000. அது 30,000-இல் 10 சதவீதம்தான். ஆனால் வாங்குபவர் கொடுத்துவந்தது 38,400. அதில் 3,000 என்பது 7.8 சதவீதம். நேர்வழி: 1.18 ÷ 1.28 = 0.9219.

இப்போது தலைகீழாக. பில்லில் வரி உட்பட 35,400 என்று மட்டும் இருக்கிறது. விலையையும் வரியையும் பிரித்துப் பேரேட்டில் எழுத வேண்டும்.

1. வரி உட்பட்ட தொகையை 1.18-ஆல் வகுக்கவும்: 35,400 ÷ 1.18 = 30,000.
2. கழிக்கவும்: 35,400 − 30,000 = 5,400.
3. ஒரே மாநிலத்துக்குள் விற்பனை என்றால் இரண்டாகப் பிரிக்கவும்: மத்திய வரி 2,700, மாநில வரி 2,700. மாநிலம் தாண்டிய விற்பனை என்றால் 5,400-ம் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.
4. சரிபார்க்கவும்: 30,000 × 1.18 = 35,400.

தேர்வுத்தாளில் திரும்பத் திரும்ப வரும் பிழை, 35,400-இல் நேராக 18 சதவீதம் எடுப்பது. 6,372 வரும். கழித்தால் 29,028. வரிக்கும் சேர்த்து வரி போட்டதால் 972 ரூபாய் உதைக்கிறது. நான்காம் படியைச் செய்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும்: 29,028 × 1.18 என்பது 34,253 மட்டுமே. எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. அதன் மேல் மறுபடி ஜி.எஸ்.டி. ஏற்றும் கணக்கும் தவறு.

அடக்கத்தின் மேல் லாபமா, விற்பனையின் மேல் லாபமா

800 ரூபாய்க்கு வாங்கி 1,000-க்கு விற்கிறீர்கள். லாபம் 200. அடக்க விலையின் மேல் பார்த்தால் 25 சதவீதம், இது மார்க்கப். விற்பனை விலையின் மேல் பார்த்தால் 20 சதவீதம், இது மார்ஜின். பஜாரில் இரண்டையும் "இருபத்தஞ்சு வச்சிருக்கேன்" என்ற ஒரே தொனியில்தான் சொல்வார்கள். எதன் மேல் என்று கேட்டுக்கொள்வது உங்கள் பாடு.

மாற்றும் வழி பின்னத்தில் மிக எளிது. அடக்கத்தின் மேல் கால் பங்கு என்றால் விற்பனையின் மேல் ஐந்தில் ஒன்று. அடக்கத்தின் மேல் மூன்றில் ஒன்று என்றால் விற்பனையின் மேல் கால். பாதி என்றால் மூன்றில் ஒன்று. மேலே ஒன்று இருக்கும்வரை, கீழ் எண்ணோடு ஒன்று கூட்டினால் மார்ஜின். ஒன்று கழித்தால் மார்க்கப். இறுதிக் கணக்குகளில் "விற்பனையில் 20 சதவீதம் மொத்த லாபம்" என்று கொடுத்து இறுதிச் சரக்கிருப்பு கேட்கும்போது இந்த ஒரு வரியே போதும்.

30 சதவீத மார்ஜின் வேண்டும், அடக்கம் 700. விலை என்ன? 700 × 1.30 = 910 என்று எழுதினால் தவறு; 910-இல் லாபம் 210, அதாவது 23 சதவீதம்தான். விற்பனை 100 என்றால் அடக்கம் 70. ஆகவே 700 ÷ 0.70 = 1,000.

தள்ளுபடி இங்கே வந்து சேரும்போதுதான் கை சுடும். அடக்கத்தின் மேல் 40 ஏற்றி, ஆடி மாதம் 30 தள்ளுபடி கொடுத்தால் 10 மிஞ்சும் என்று நினைப்பார்கள். 1.40 × 0.70 = 0.98. நூற்றுக்கு 2 ரூபாய் நட்டம். மேலே சொன்ன 1,000 ரூபாய்ப் பொருளை, அடக்கம் 800 ஆக இருக்க, 10 சதவீதம் குறைத்து 900-க்கு விற்றால் லாபம் 200-இலிருந்து 100 ஆகிறது. விலையில் 10 சதவீதம், லாபத்தில் 50 சதவீதம். பழைய லாபத்தை எடுக்க இரண்டு மடங்கு சரக்கு விற்க வேண்டும்.

வியாபாரத் தள்ளுபடியும் ரொக்கத் தள்ளுபடியும்

பட்டியல் விலை 50,000. வியாபாரத் தள்ளுபடி 20 சதவீதம்; பத்து நாளில் பணம் கட்டினால் ரொக்கத் தள்ளுபடி 2 சதவீதம்; இல்லாவிட்டால் முப்பது நாள் கெடு. இரண்டையும் கூட்டி 22 என்று எடுக்கக் கூடாது. 50,000 × 0.80 = 40,000; 40,000 × 0.98 = 39,200. ஏட்டில் 50,000 வரவே வராது. கொள்முதலைப் பதிவது 40,000-க்கு. ரொக்கத் தள்ளுபடி 800, பணம் கட்டும் நாளில்தான் பதிவாகும். கெடு தவறினால் அது இல்லை.

அந்த 2 சதவீதம் சின்னதா பெரிதா? 39,200 ரூபாயை 20 நாள் முன்னதாகக் கொடுப்பதற்கு 800 ரூபாய் கிடைக்கிறது. 800 ÷ 39,200 = 2.04 சதவீதம், 20 நாளுக்கு. ஆண்டுக்கு மாற்ற 365 ÷ 20-ஆல் பெருக்கினால் 37 சதவீதத்துக்கு மேல். வங்கி மிகைப்பற்று (ஓவர்டிராஃப்ட்) 12 சதவீதத்துக்குக் கிடைக்கும்போது அதை எடுத்தாவது பத்தாம் நாள் கட்டிவிடுவதே லாபம். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த கணக்கர் தன் சம்பளத்தை இங்கேயே மீட்டுவிடுவார்.

வட்டி: காலத்தை ஒத்துவைப்பது

ஊரில் "நூத்துக்கு ரெண்டு வட்டி" என்றால் மாதத்துக்கு 2 ரூபாய். ஆண்டுக்கு 24 சதவீதம். வங்கியில் "8 சதவீதம்" என்றால் ஆண்டுக்கு. வீதம் எந்தக் காலத்துக்கோ, எண்ணும் காலமும் அதே அலகில் இருக்க வேண்டும். வட்டிக் கணக்கில் முதல் வேலை சூத்திரம் எழுதுவதல்ல, இதைச் சரிசெய்வது.

தனிவட்டி = அசல் × ஆண்டு × வீதம் ÷ 100. நாள் கணக்காகக் கொடுத்தால் நாளை 365-ஆல் வகுத்து ஆண்டாக்குங்கள். மார்ச் 10 முதல் மே 22 வரை எத்தனை நாள்? தொடங்கும் நாளை விட்டு, முடியும் நாளைச் சேர்க்க வேண்டும்: மார்ச்சில் 21, ஏப்ரலில் 30, மேயில் 22, ஆக 73. இரண்டு முனையையும் சேர்த்து 74 என்று எண்ணுவது வழக்கமான வழுக்கல். 73 வந்தால் மகிழலாம். அது ஆண்டில் ஐந்தில் ஒரு பங்கு. 146 ஐந்தில் இரண்டு, 219 ஐந்தில் மூன்று. கேள்வி எடுப்பவர்களுக்கு இந்த மூன்று எண்களும் மிகவும் பிடிக்கும். 50,000 ரூபாய், 12 சதவீதம், 73 நாள்: ஆண்டு வட்டி 6,000, அதில் ஐந்தில் ஒன்று 1,200.

கூட்டுவட்டியில் அசலை (1 + வீதம்)-ஆல், எத்தனை காலமோ அத்தனை முறை பெருக்குகிறோம். 10,000 ரூபாய், 10 சதவீதம், 3 ஆண்டு: 10,000 × 1.1 × 1.1 × 1.1 = 13,310. தனிவட்டியில் 13,000. அந்த 310 வட்டிக்கு வட்டி.

காலாண்டுக்கு ஒருமுறை வட்டி சேரும் வைப்பில் இரண்டு மாற்றம் செய்ய வேண்டும், ஒன்று அல்ல. 1,00,000 ரூபாய், 8 சதவீதம், ஓராண்டு: வீதத்தை 4-ஆல் வகுத்து 2 ஆக்க வேண்டும், காலத்தை 4 ஆக்க வேண்டும். 1.02 நான்கு முறை: 1.0824, முதிர்வுத் தொகை 1,08,243. காலத்தை மட்டும் மாற்றி வீதத்தை மறந்தால் 1.08 நான்கு முறை பெருகி 1,36,049 வரும். ஒரு வருடத்தில் லட்சத்துக்கு 36,000 எந்த வங்கி கொடுக்கும்? விடையை எழுதியதும் இப்படி ஒரு கேள்வி கேட்டால் பாதிப் பிழை தானாகவே அகப்படும். பணம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு என்பதற்கு 72-ஐ வீதத்தால் வகுங்கள். 8 சதவீதத்தில் 9 ஆண்டு. துல்லியமாகப் போட்டாலும் 1.08 ஒன்பது முறை 1.999 வருகிறது.

தவணைக் கடன்: கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம்

1,00,000 ரூபாய்க் கடன், 12 மாதம், "12 சதவீத வட்டி". இரண்டு கடைகளில் ஒரே வாசகம், இரண்டு வேறு கணக்கு.

முதல் கடை ஃபிளாட் வட்டி. 1,00,000-க்கு ஓராண்டு வட்டி 12,000, மொத்தம் 1,12,000, மாதம் 9,333. நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள். வட்டியோ கடைசி மாதம்வரை முழு லட்சத்தின் மேல் ஓடுகிறது.

இரண்டாவது கடை குறையும் அசலின் மேல் வட்டி. மாத வீதம் 1 சதவீதம். மாதத் தவணை காண:

1. 1.01-ஐ 12 முறை பெருக்கவும்: 1.126825.
2. 1-ஐ அதனால் வகுக்கவும்: 0.887449.
3. 1-இலிருந்து கழிக்கவும்: 0.112551.
4. மாத வீதத்தை அதனால் வகுக்கவும்: 0.01 ÷ 0.112551 = 0.0888488.
5. கடன் தொகையால் பெருக்கவும்: 8,884.88, தோராயமாக 8,885.

நடுவில் தசமத்தைக் குறைக்காதீர்கள். இரண்டாம் படியில் 0.89 என்று சுருக்கினால் தவணை 9,091 என்று வந்து நிற்கும்.

முதல் இரண்டு மாதத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நடப்பது தெரியும். முதல் மாத வட்டி 1,000, 8,885-இல் அதைக் கழித்த 7,885 அசலுக்குப் போகிறது, பாக்கி 92,115. இரண்டாம் மாத வட்டி 921.15, அசலுக்கு 7,963.85, பாக்கி 84,151.15. தவணை மாறவில்லை, உள்ளே வட்டி குறைந்து அசல் கூடுகிறது. ஆண்டு முடிவில் மொத்த வட்டி 6,619 ரூபாய் மட்டும். ஃபிளாட் கடையில் 12,000. அந்த ஃபிளாட் 12 சதவீதத்தைக் குறையும் அசலுக்கு மாற்றினால் சுமார் 21.5 சதவீதம். ஒப்பிடும்போது இந்த எண்ணைத்தான் வைக்க வேண்டும்.

சந்தைக் கடைக்காரர்கள் வாங்கும் தினசரித் தண்டல் இதைவிடக் கடுமை. 10,000 ரூபாய் என்று எழுதி 1,500 பிடித்துக்கொண்டு கையில் 8,500 தருவார்கள். தினம் 100 ரூபாய், 100 நாள். "நூத்துக்குப் பதினஞ்சு" என்று கேட்கும். ஆனால் கையில் வந்தது 8,500. அதுவும் தினம் குறைகிறது. சராசரியாக உங்களிடம் இருந்த பணம் சுமார் 4,250. அதற்கு 100 நாளில் 1,500 வட்டி. தினம் குறையும் அசலின் மேல் சரியாகப் போட்டால் ஆண்டு வீதம் 120 சதவீதத்தைத் தாண்டுகிறது. எதன் மேல், எவ்வளவு நாள் என்ற இரண்டு கேள்வியும் சேர்ந்து விழும் கணக்கு இது.

சராசரி, விகிதம், கூட்டாளிகள்

அரிசி 100 கிலோ 40 ரூபாய்க்கும் 300 கிலோ 48 ரூபாய்க்கும் வாங்கினால் சராசரி அடக்கம் 44 அல்ல. மொத்தப் பணம் 4,000 + 14,400 = 18,400; மொத்த எடை 400; கிலோ 46. விலைகளைக் கூட்டிப் பாதியாக்காமல், எப்போதும் மொத்தத் தொகையை மொத்த அளவால் வகுங்கள்.

வளர்ச்சிக்கும் சாதாரண சராசரி ஆகாது. மூன்றாண்டில் விற்பனை 8 லட்சத்திலிருந்து 13.824 லட்சம் ஆனது. மொத்த ஏற்றம் 72.8 சதவீதம், மூன்றால் வகுத்து 24.3 என்று எழுதுவார்கள். சரியானது 13.824 ÷ 8 = 1.728, அதன் கனமூலம் 1.2, ஆண்டுக்கு 20 சதவீதம்.

கூட்டாண்மையில் மூலதனத்தைக் காலத்தால் பெருக்க வேண்டும். ஒருவர் 60,000 ரூபாய் 12 மாதம், மற்றவர் 90,000 ரூபாய் 8 மாதம் போட்டால் 7,20,000-க்கு 7,20,000. மூலதன விகிதத்தில் லாபம் பிரிக்க ஒப்பந்தம் இருந்தால் பங்கு 1:1. இங்கே கணக்கும் சட்டமும் பிரிகிற ஒரு முடிச்சு இருக்கிறது. 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால் மூலதனம் எவ்வளவு வேறுபட்டாலும் லாபம் சமமாகத்தான் பிரியும். கேள்வியில் ஒப்பந்தம் பற்றிய சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விகிதம் போடுங்கள்.

3:2 பங்குதாரர்கள் புதியவருக்கு ஐந்தில் ஒன்று தருகிறார்கள். மீதி ஐந்தில் நான்கை 3:2-ஆகப் பிரிக்க வேண்டும்: 12/25, 8/25, புதியவருக்கு 5/25. புதிய விகிதம் 12:8:5. கூட்டினால் 25 வருகிறதா என்று பாருங்கள். 3:2:1 என்று போட்டுவிட்டு நகர்வது இதில் சகஜமான தவறு. அப்படிப் போட்டால் புதியவருக்கு ஆறில் ஒன்றுதான் கிடைக்கும்.

லாப நட்டமற்ற புள்ளி: ஒரு டீக்கடை

டீ 15 ரூபாய். பால், தூள், சர்க்கரை, கேஸ் எல்லாம் சேர்ந்து ஒரு டீக்கு 9 ரூபாய். இது மாறும் செலவு. வாடகை, மாஸ்டர் சம்பளம், மின்சாரம் மாதம் 36,000. டீ விற்றாலும் விற்காவிட்டாலும் இது உண்டு. ஒவ்வொரு டீயும் தரும் பங்களிப்பு 15 − 9 = 6. 36,000 ÷ 6 = 6,000 டீ. இத்தனை விற்றால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. முப்பது நாளும் திறந்தால் நாளுக்கு 200. ஞாயிறு விடுமுறை விட்டு 26 நாள் என்றால் 230.77. இதை 231 என்று எழுத வேண்டும். 230-இல் கடை இன்னும் நட்டத்தில்தான் இருக்கிறது. ஆகவே இந்தக் கணக்கில் பின்னம் எவ்வளவு சிறிதானாலும் மேல்நோக்கியே முழுமையாக்க வேண்டும்.

எதிர்க்கடைக்காரர் 14 ரூபாய் ஆக்கினார், நீங்களும் இறக்கினீர்கள். விலை 7 சதவீதம்கூடக் குறையவில்லை. பங்களிப்போ 6-இலிருந்து 5. விற்க வேண்டியது 7,200 டீ. 20 சதவீதம் அதிகம். பால் விலை ஏறி ஒரு டீக்கு ஒரு ரூபாய் கூடினாலும் இதே விடைதான். மாதம் 12,000 ரூபாய் லாபமும் வேண்டுமென்றால் அதை நிலையான செலவோடு சேர்த்து வகுங்கள்: 48,000 ÷ 6 = 8,000 டீ.

இங்கே பிழை வருவது வகுத்தலில் அல்ல, செலவைப் பிரிப்பதில். மாதச் சம்பளம் வாங்கும் மாஸ்டர் நிலையான செலவு. ஒரு டீக்கு இவ்வளவு என்று வாங்கினால் மாறும் செலவு. கேஸ் சிலிண்டர் மாதத்துக்கு ஒருமுறை வாங்குவதாலேயே நிலையான செலவு ஆகிவிடாது.

தேய்மானம், சுருக்கமாக

1,00,000 ரூபாய் இயந்திரம், 15 சதவீதம். நேர்க்கோட்டு முறையில் ஆண்டுதோறும் 15,000. மூன்றாண்டு முடிவில் மீதி 55,000. குறைந்துசெல் மதிப்பு முறையில் 0.85 மூன்று முறை: 61,412.50. மறுபடியும் எதன் மேல் என்ற கேள்விதான்: ஒன்று அடக்க விலையின் மேல், மற்றது மிச்ச மதிப்பின் மேல். வருமான வரிக் கணக்கில் வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் பாதி வீதம்தான். சாதாரணக் கணக்குப் பாடத்தில் மாதக் கணக்கில் பிரிப்பார்கள். இரண்டையும் கலக்க வேண்டாம்.

கால்குலேட்டரைச் சோதிப்பது

புதிய கால்குலேட்டர் வாங்கியதும் 2 + 3 × 4 = அழுத்துங்கள். மேசைக் கால்குலேட்டர் 20 காட்டும், அறிவியல் கால்குலேட்டர் 14 காட்டும். முதலாவது வந்த வரிசையில் செய்கிறது. ஆகவே பெருக்கலை முதலில் முடித்து நினைவுப் பொத்தானில் சேர்க்க வேண்டும். சதவீதப் பொத்தான் கருவிக்குக் கருவி மாறும். 100 + 10 போட்டு அதை அழுத்தி 110 வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அந்தப் பொத்தானை மறந்துவிட்டு 1.10-ஆல் பெருக்குங்கள்.

அடுக்குக்கு 1.08 × போட்டு சமப் பொத்தானைத் தொடர்ந்து அழுத்தலாம். முதல் அழுத்தத்திலேயே இரண்டாம் அடுக்கு வந்துவிடும். ஆகவே ஒன்பதாம் அடுக்குக்கு எட்டு முறை. காசியோ மேசைக் கருவிகளில் பெருக்கல் பொத்தானை இரண்டு முறை அழுத்த வேண்டும்.

எக்ஸெல்லில் வேறு ஒரு பொறி. இரண்டு தசமம் காட்டும்படி வைத்தால் திரையில்தான் சுருங்கும். உள்ளே எல்லாத் தசமமும் அப்படியே இருக்கும். மூன்று பேருக்கு 10,000 ரூபாய் பிரித்தால் மூன்று 3,333.33 தெரியும், கூட்டலில் 10,000.00 வரும், அச்சடித்துக் கூட்டுபவருக்கு ஒரு பைசா இடிக்கும். பணமாகவே பிரிக்க வேண்டிய இடத்தில் ரவுண்ட் சூத்திரம் போட்டு, மிச்சப் பைசாவைக் கடைசி ஆளிடம் சேர்த்துவிடுங்கள்.

இருப்பாய்வு ஒத்துவராதபோது

இருப்பாய்வு என்பது எல்லாக் கணக்கின் இருப்பையும் பற்று, வரவு என்று பிரித்துக் கூட்டிப் பார்க்கும் பட்டியல். பற்றும் வரவும் இடித்தால் எல்லாவற்றையும் மறுபடி கூட்ட உட்காராதீர்கள். வித்தியாசத்தை முதலில் விசாரியுங்கள்.

வித்தியாசம் 1, 10, 100, 1,000 மாதிரி ஒற்றை எண் என்றால் கூட்டலில் கைதவறியிருக்க வாய்ப்பு அதிகம்; அந்தப் பத்தியை மட்டும் கீழிருந்து மேலாகக் கூட்டுங்கள். அடுத்து, வித்தியாசத் தொகையே ஏதாவது கணக்கின் இருப்பாக இருக்கிறதா என்று பேரேட்டைப் புரட்டுங்கள். இருந்தால் அதை எடுத்து எழுதவே மறந்திருப்பீர்கள். பிறகு பாதியாக்குங்கள். வித்தியாசம் 1,700 என்றால் 850-ஐத் தேடுங்கள். பற்றில் போக வேண்டிய 850 வரவில் போயிருந்தால் இரு மடங்காக இடிக்கும்.

கடைசியாக 9-ஆல் வகுங்கள். மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 5,840-ஐ 5,480 என்று எழுதினால் வித்தியாசம் 360; 9-ஆல் வகுத்தால் 40. பத்தாம் இடத்தில் வரும் இந்த 4, இடம் மாறிய 8-க்கும் 4-க்கும் உள்ள வித்தியாசம். ஆகவே நூறு, பத்து இடங்களில் நான்கு வேறுபாடுள்ள இலக்கங்களைக் கொண்ட தொகைகளை மட்டும் பார்த்தால் போதும். பூச்சியம் விடுபட்டாலும் 9-இல் அகப்படும்: 1,200-ஐ 120 என்று எழுதினால் வித்தியாசம் 1,080; 9-ஆல் வகுத்தால் 120, தவறாக எழுதிய அதே எண்.

ஒரே அளவுள்ள இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டால் இந்தச் சோதனைகள் எதுவும் பிடிக்காது, இருப்பாய்வும் ஒத்துப்போய்விடும். விற்பனையை வேறொரு வாடிக்கையாளர் கணக்கில் பற்று வைத்தாலும் அப்படித்தான். அதைப் பிடிக்க ரசீதையும் பேரேட்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக டிக் அடிப்பது தவிர வேறு வழி கிடையாது.